கல் வரட்டும்

டாக்டர் கெர்னோட் வீபுஷ் தம் வீட்டை ஜனநாயக முறைப்படி நடத்திவந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் காப்பியும் கேக்கும் முடிந்து, மேஜையைத் துடைத்ததும் குடும்பச் சபை கூடும். மூத்தவள் மெர்லேவுக்குப் பதினைந்து வயது, இளையவள் ஃபென்யாவுக்குப் பதின்மூன்று. ஆளுக்கொரு ஓட்டு, அவருக்கும் ஒன்றுதான். யார் வேண்டுமானாலும் தீர்மானம் கொண்டுவரலாம். பிடிக்காத தீர்மானத்தைத் தள்ளிவைக்கும் உரிமை மட்டும் தலைவருக்கு உண்டு. தலைவர் யார் என்பதற்கு அந்த வீட்டில் தேர்தல் நடந்ததில்லை.

ஆலர் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிறிய ஊரின் உயர்நிலைப் பள்ளியில் அவர் துணைத் தலைமையாசிரியர். பாடம் லத்தீன். முப்பது வருடமாகப் பிறர் வாக்கியங்களைச் சிவப்பு மையால் திருத்தி வந்தவர். அவருடைய மனைவி ஹைக்கே ஊர் நீச்சல் குளத்தில் மேற்பார்வையாளர். கழுத்தில் விசில், காலில் ரப்பர் செருப்பு. குளத்தின் இந்தக் கோடியில் நின்று அதட்டினால் அந்தக் கோடியில் குதிக்கப்போன பையன் அப்படியே நின்றுவிடுவான். சபை கூடும் நாளில் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, “தலைவரே, குப்பைத் தொட்டிய யார் வெளிய வைக்கிறதுன்னு முதல்ல ஓட்டெடுங்க” என்பாள். சபையில் அவருக்குச் சிரிப்பு வந்த நாட்கள் அவை மட்டும்தான்.

போன வருடம் ஏப்ரலில் ஹைக்கே இறந்துபோனாள். நோய் வந்து ஒரு குளிர்காலம்தான் தாங்கினாள்.

இந்த வருடம் ஜூன் மாதத்துச் சபையில் மெர்லே கையைத் தூக்கினாள். அரையாண்டு மதிப்பெண் சான்றிதழ் ஜனவரி கடைசியில் கிடைக்கும்; அதை வாங்கியதும் கீல் நகரத்தில் இருக்கும் பிர்டே பெரியம்மா வீட்டுக்குப் போய் அங்கேயே படிக்கிறேன் என்பது தீர்மானம். பெரியம்மாவிடம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. காரணம் என்ன என்று தலைவர் கேட்டார். “காரணம்னு ஒண்ணும் இல்ல” என்றாள் மெர்லே. அந்தப் பதிலில் என்னென்னவோ இருந்தது. துருவிக் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். தலைவர் கேட்கவில்லை, விஷயம் ஆய்வுக்குரியது என்று சொல்லித் தள்ளிவைத்தார்.

ஆய்வின் முடிவில் அவர் கண்டுபிடித்தது இது: வீட்டில் இளம்பெண் ஒருத்தி இல்லாததுதான் குறை. அக்கா மாதிரி ஒருத்தி வந்து சேர்ந்தால் மெர்லே தானாக நின்றுவிடுவாள். ஆகவே ஓ பேர் ஒருத்தியை வரவழைப்பது.

“எனக்குப் பதினஞ்சு வயசுப்பா. ஆயா எதுக்கு? டயப்பர் மாத்தவா?” என்றாள் மெர்லே.

ஓ பேர் என்பவள் ஆயா அல்ல என்று அவர் விளக்கினார். அவள் வேலைக்காரியும் அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு வருடம் வீட்டோடு தங்கி, பிள்ளைகளுக்குத் துணையாக இருந்து, மொழியைக் கற்றுக்கொண்டு போகிறவள். ஒப்பந்தப்படி குடும்பத்தில் ஒருத்தி. ஒரே மேஜையில் சாப்பிடுவாள். இது இரு பண்பாடுகளின் உரையாடல். விளக்கம் முடிவதற்குள் ஃபென்யா மூன்றாவது துண்டுக் கேக்கைச் சாப்பிட்டு முடித்திருந்தாள். மெர்லேயின் தீர்மானம் நவம்பருக்கு ஒத்திவைக்கப்பட்டது. பெற்ற மகளைத் தடுத்து நிறுத்த அவர் கையில் இருந்தது ஒரு கோடைக்காலமும் ஓர் இலையுதிர்காலமும் முகம் தெரியாத ஒரு பெண்ணும்தான்.

டெக்லா செப்டம்பரில் வந்து இறங்கினாள். ஜார்ஜியாவில் குத்தாயிசி என்ற ஊர்க்காரி, வயது இருபது. வீடியோ நேர்காணலில் தனக்குக் குழந்தைகள் என்றால் உயிர் என்று சொல்லியிருந்தாள். ரயிலடியில் தன்னைவிட ஒரு தலை உயரமாக நின்ற மெர்லேவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதா குழந்தை?” என்றாள். மெர்லே அன்றைக்கு வாய்க்குள்ளேயே சிரித்ததை கெர்னோட் கவனித்து மனதில் குறித்துக்கொண்டார். திட்டம் வேலை செய்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு சிறிய உரை ஆற்றினார். இந்த வீட்டில் ஏற்றத்தாழ்வு கிடையாது; தன்னைப் பெயர் சொல்லி, ‘நீ’ என்றே அழைக்கலாம் என்று ஒரு பட்டத்தை வழங்குகிறவர்போல அனுமதி அளித்தார். வீட்டுக்குள்ளேயும் டை கட்டியிருந்த அந்த மனிதரை டெக்லா நன்றாக ஒருமுறை பார்த்தாள். அதற்குப் பிறகு அவரை அவள் ‘பாட்டோனோ கெர்னோட்’ என்றே அழைத்தாள். அவள் ஊரில் அது பெரிய மனிதர்களுக்குப் போடுகிற மரியாதை. ஒரு வாரத்துக்குள் மகள்கள் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு, “பாட்டோனோ, வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு” என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டில்தான் சிறிய சிக்கல் வந்தது. ரொட்டி, பாலாடைக்கட்டி, வெட்டி அடுக்கிய இறைச்சித் துண்டு, ஊறவைத்த வெள்ளரிக்காய், எல்லாம் வழக்கம்போல ஆறிக் கிடந்தன. அடுப்பு பழுதாகிவிட்டதா என்று டெக்லா அக்கறையோடு விசாரித்தாள். மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். காலியாக இருந்ததைக் காட்டி உட்காரச் சொன்னார் கெர்னோட். அவள் உட்காரவில்லை. அந்த நாற்காலியின் முதுகில் கையை வைத்து, “இது அவங்களோடதா?” என்று கேட்டாள். அவள் சமையலறைக்குப் போய், துணி உலர்த்தும்போது ஏறி நிற்கிற முக்காலியை எடுத்துவந்து மேஜை மூலையில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஒப்பந்தப்படி அவள் குடும்பத்தில் ஒருத்தி, முக்காலியில் உட்காருவது முறையல்ல என்று கெர்னோட் எடுத்துச் சொன்னார்.

“குடும்பம்தான். அதனாலதான் அங்க உக்காரல” என்றாள் டெக்லா. பிறகு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, அவர்களை எங்கே அடக்கம் செய்திருக்கிறது, எப்போது போய்ப் பார்க்கலாம் என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் தங்கப்போகிறவள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டாமா?

ஃபென்யா தட்டைப் பார்த்தாள். மெர்லே அப்பாவைப் பார்த்தாள்.

“கல் வரட்டும்,” என்றார் கெர்னோட். “கல் வந்ததும் எல்லாரும் சேர்ந்து முறையா போவோம்.”

ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் இந்தக் கேள்விக்கு இதுதான் பதில்.

கல் வராததற்குக் காரணம் கல் அல்ல. கல்லில் வெட்ட வேண்டிய வரி இன்னும் தயாராகவில்லை. சனிக்கிழமை காலைகளில் அவர் படிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். முதலில் லத்தீனில் ஒரு வரி எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தால் ஏதோ ரோமானியத் தளபதிக்கு எழுதியதுபோல விறைப்பாக இருந்தது. ஒரு கவிஞரின் வரியை எடுத்தார். ஊரில் பாதிக் கல்லறைகளில் அதே வரிதான் இருக்கிறது என்று தெரிந்தது. சொந்தமாக ஒரு வரி எழுதினார். அடுத்த சனிக்கிழமை எடுத்துப் படித்தபோது கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. கல் வெட்டும் லூயர்ஸ் இரண்டு தடவை போன் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கல் வந்த பிறகுதான் சுற்றிலும் செடி, அதற்குப் பிறகுதான் தோட்டக்காரரோடு ஏற்பாடு. எல்லாம் வரிசைப்படி நடக்க வேண்டும். ஆரம்பத்தில் சில தடவை அவர் தனியாகப் போய்வந்தார். அந்தத் தற்காலிக மரச்சிலுவைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம், வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்புக்கு வந்த மாணவன் மாதிரி இருந்தது. பிறகு போவதை நிறுத்திக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுப் போகலாம்.

அந்த இலையுதிர்காலம் மோசமில்லை. பதின்ம வயதுப் பெண்களைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன செய்வது என்று டெக்லாவுக்கும் தெரியவில்லை, பெண்களுக்கும் தெரியவில்லை. அவர்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவள் மறுபடி படுத்துத் தூங்கினாள். சமையலறையில் போனைச் சர்க்கரை ஜாடிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு அம்மாவோடு மணிக்கணக்கில் பேசினாள். பேர்லினில் குடும்பம் கிடைத்திருக்கலாம், இந்த ஊரில் எட்டு மணிக்கே தெரு செத்துவிடுகிறது என்று புலம்பினாள். ஃபென்யாவுக்கு ஜார்ஜிய மொழியில் நான்கைந்து கெட்ட வார்த்தைகள் கற்றுக்கொடுத்தாள். உள்ளே பாலாடைக்கட்டி வைத்துத் தட்டையாக ஒரு ரொட்டி சுடுவாள். சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு மூன்று பெண்களும் நின்றபடியே பிய்த்துத் தின்பார்கள். சாப்பாட்டு அறையில் கெர்னோட் வெள்ளரிக்காயோடு தனியாக உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். அறையைவிட்டு வெளியே வராத மெர்லே சமையலறை வரை வந்துவிட்டாள். அடுத்தது சாப்பாட்டு மேஜை. ஆசிரியர் ஓய்வறையில் ஓ பேர் முறையின் நன்மைகளைப் பற்றி அவர் அடிக்கடி பேசலானார்.

நவம்பர் நடுவில் போரில் மாண்டவர்களுக்கான துக்க ஞாயிறு வரும். ஊர்க் கல்லறைத் தோட்டத்து வாசலில் இருக்கும் நினைவுத் தூணுக்கு மேயர் மலர்வளையம் வைப்பார்; தீயணைப்புப் படையின் பாண்டு வாசிக்கும்; டாக்டர் வீபுஷ் பேசுவார். எத்தனையோ வருடமாக அவர்தான் பேசுகிறார். பண்பாட்டு உரையாடலின் ஒரு பகுதியாக டெக்லாவை அவர் அழைத்தார். அவள் பெண்களையும் கூப்பிட்டாள். மெர்லே மறுப்பாள் என்று எதிர்பார்த்தார். “வரேன்” என்றாள். அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. அன்று மதியம்தான் சபை. தள்ளிவைத்த தீர்மானம் அன்றைக்கு எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். காலையில் அப்பாவின் பேச்சைக் கேட்ட மகள் மதியம் ஊரைவிட்டுப் போகிறேன் என்பாளா?

டெக்லா தோளில் கனமான துணிப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். நடக்கும்போது உள்ளே கண்ணாடி இடிபடும் சத்தம் கேட்டது. அதில் என்ன என்று கேட்க அவருக்கு நேரமில்லை. பேச்சை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பேச்சு நன்றாக அமைந்தது. அந்த வருடப் பொருள் மறதி. தூறல் விட்டிருந்தது. குடைகளை மடக்கிக்கொண்டு ஊர் நின்றது. “கல்லறையில் புல் மண்டவிடுகிற சமுதாயம், தன் நெஞ்சிலும் புல் மண்டவிடுகிறது” என்ற இடத்தில் அவர் சற்று நிறுத்தினார். அந்த நிகழ்ச்சியில் கைதட்டும் வழக்கமில்லை. கைதட்டலைவிட அந்த மௌனம் அவருக்குப் பிடிக்கும். பாண்டு வாசித்து முடித்ததும் மேயர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மேயரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து டெக்லா பக்கத்தில் வந்து நின்றாள்.

“பாட்டோனோ கெர்னோட், நல்லா பேசினீங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சது. புல்லைப் பத்திச் சொன்னது புரிஞ்சது. இப்ப அவங்ககிட்ட போலாமா?”

“யார்கிட்ட?”

“உங்க மனைவிகிட்ட. இங்கதானே இருக்காங்க?” பையைத் தட்டிக் காட்டினாள். “ஒயின் கொண்டுவந்திருக்கேன். வால்நட்டும் இருக்கு. வெறுங்கையோட எப்படிப் போறது?”

ஒரு முழு ஊரைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்திவைத்துப் பேசிய மனிதருக்கு, தம் மனைவியும் அதே மதிலுக்கு உள்ளேதான் இருக்கிறாள் என்பது அந்தக் கணம்வரை தோன்றியிருக்கவில்லை. இன்றைக்குச் சரிவராது, கல் வரட்டும், எல்லாம் முறையாகச் செய்யலாம் என்று தணிந்த குரலில் சொன்னார்.

“வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள இருக்கிறவங்களைப் பாக்காம திரும்பினேன்னு தெரிஞ்சா, எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா” என்றாள் டெக்லா. அவளுக்குத் தணிந்த குரல் கிடையாது. “ஃபென்யா, எந்தப் பக்கம்?”

“எனக்கு எடம் தெரியாது,” என்றாள் ஃபென்யா. “அடக்கத்தன்னிக்கு வந்ததுதான்.”

மேயர் திடீரென்று தாம் வைத்த மலர்வளையத்தின் ரிப்பனைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

“எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு மெர்லே முன்னால் நடந்தாள்.

குளிர்காலத்துக்கு ஊரே தயாராகியிருந்தது. கல்லறைகளின் மேல் ஊசியிலைக் கிளைகளை ஓடு வேய்ந்ததுபோல வரிசையாகப் பரப்பி, நடுவே சிவப்புக் கண்ணாடி விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். சரளைப் பாதையில் மெர்லே எங்கும் தயங்காமல் திரும்பித் திரும்பிப் போனாள். பழகிய வழி என்று பின்னால் வந்த அவருக்குத் தெரிந்தது. எப்போது பழகினாள் என்று தெரியவில்லை.

இரண்டு ஒழுங்கான கல்லறைகளுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புப் புல் மழையில் சாய்ந்து கிடந்தது. அதற்குள் ஒரு பிர்ச் மரக்கன்று முளைத்து மஞ்சளாக ஏழெட்டு இலைகளை வைத்திருந்தது. மரச்சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சிலுவையில், ஹைக்கேயின் பெயருக்குக் கீழே, வெயிலில் வெளுத்த ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். கவனிக்க ஆளில்லாத கல்லறைகளில் நிர்வாகம் ஒட்டுவது. உறவினர்கள் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும் என்று அதில் அச்சடித்திருந்தது.

டெக்லா அதை உதடு அசைத்துப் படித்தாள். முகம் சிவந்துவிட்டது. “எனக்கு இது தெரியாது,” என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்குக்கூடத் தணிந்த குரல் இருந்தது. “தெரிஞ்சிருந்தா அங்க வெச்சுக் கேட்டிருக்க மாட்டேன்.”

கெர்னோட் வாயைத் திறந்தார். அவர் வாயைத் திறந்தால் முழு வாக்கியம் வருவதுதான் வழக்கம். “அந்த எழுத்து இன்னும்...” என்பதோடு நின்றுவிட்டது.

“ஜூன்லயே ஒட்டிட்டாங்க,” என்றாள் மெர்லே. சிலுவையைப் பார்த்துத்தான் பேசினாள். “நான் புடுங்கியிருக்கலாம். இந்தப் புல்லு என்ன, ஒரு மணி நேர வேலை. நீ பாக்கணும்னுதான் விட்டேன். ஸ்கூல் விட்டு சைக்கிள்ல இந்த வழியாத்தான் வருவேன். இன்னிக்கு அப்பா வந்திருப்பாரு, ஸ்டிக்கரை எடுத்திருப்பாருன்னு பாப்பேன். அது அப்படியே இருக்கும். புல்லுதான் வளந்திருக்கும்.” மூக்கைக் கையால் துடைத்துக்கொண்டாள். “எங்கம்மா மேல நானே புல்லு வளத்துட்டேன். உன்னால.”

பக்கத்துப் பாதையில் ஒரு தம்பதி தண்ணீர்ப் பூவாளியோடு நடந்துபோனார்கள்.

“அவளுக்குத் தகுந்த மாதிரி ஒரு வரி எழுதணும்னு நெனச்சேன்” என்றார் கெர்னோட்.

அதற்கு ஃபென்யா பதில் சொன்னாள். “அம்மா உன் பேச்சு எதையும் கேட்டதே இல்லப்பா. மூஞ்சியைச் சீரியஸா வெச்சுக்கிட்டு, குளத்துல குளோரின் போட்டமா இல்லையான்னு யோசிச்சிட்டிருப்பாளாம். எங்கிட்ட சொல்லியிருக்கா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னா.”

அவருக்குத் தெரியும். முன்வரிசையில் தெரியும் அந்த முகம் ரொம்ப சீரியஸாக இருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இத்தனை வருடம் பேசினார். அந்த முகம் இல்லாமல் அவர் பேசிய இரண்டாவது துக்க ஞாயிறு இது. எழுதிய வரியைப் படித்து, “இதை யாருக்குங்க எழுதினீங்க, போப்பாண்டவருக்கா?” என்று கேட்க ஆளில்லாமல்தான் அவரால் எதையும் எழுதி முடிக்க முடியவில்லை. எழுதி முடித்துவிட்டால் அந்தக் கேள்வி இனி வராது என்பதும் உறுதியாகிவிடும். ஆனால் இதைச் சொல்லத் தெரியவில்லை. பேசத் தெரிந்தவர் என்று ஊரில் பெயர்.

டெக்லா காகிதக் கோப்பைகளை எடுத்து ஒயினை ஊற்றினாள். முதல் கோப்பையைப் புல்லின் மேல் மெதுவாகச் சாய்த்துவிட்டு, தலைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு, சிலுவையிடம் பேசினாள். மொழி வகுப்பில் தன்னை அறிமுகம் செய்யக் கற்றுக்கொடுத்தபடியே பேசினாள்.

“நான் டெக்லா. உங்க வீட்டுலதான் இருக்கேன். வர்றதுக்கு நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. பொண்ணுங்க நல்லா சாப்பிடறாங்க. உங்க நாற்காலியில நான் உக்காரல.”

கெர்னோட் குனிந்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். பாதிதான் கிழிந்துவந்தது. நகராட்சிப் பசை கெட்டியானது. மீதியைச் சுரண்டுவதற்காக மண்டியிட்டார். விழாவுக்கென்று சலவை செய்துவந்த கறுப்புக் கோட்டின் விளிம்பு சேற்றில் தோய்ந்தது. தூரத்தில் மேயர் தொப்பியைத் தூக்கப்போனவர், யோசித்துவிட்டு இறக்கிக்கொண்டார். ஸ்டிக்கருக்குப் பிறகு புல். புல் வந்தது, பிர்ச் கன்று வரவில்லை. ஒன்றரை வருடத்து வேர். மெர்லே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதிரே வந்து உட்கார்ந்து, அவர் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துப் பிடித்து இழுத்தாள்.

வீடு திரும்பும் வழியில் டெக்லா, தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று ஃபென்யாவிடம் காதோடு கேட்டாள். “உன்னையா? அனுப்பினா நாங்க என்ன, வெள்ளரிக்காயா திங்கறது?” என்றாள் ஃபென்யா.

மதியம் சபை கூடியது. கேக்கை யாரும் வெட்டவில்லை. தள்ளிவைத்த தீர்மானத்தைத் தலைவர் தாமே எடுத்தார். ஓட்டெடுப்பு வேண்டாம், மெர்லே என்ன சொல்கிறாளோ அதுதான் என்றார்.

மெர்லேயின் நகங்களில் இன்னும் மண் இருந்தது. “கல்லு வர்ற வரைக்கும் இருக்கேன்,” என்றாள். “அம்மாவுக்கு கல்லு வெக்கிறதைப் பாக்காம போகமாட்டேன். வெச்சதும், ஜனவரியோ, அதுக்கப்புறமோ, போயிடுவேன்.”

“அப்ப கல்லு வரவே வேண்டாம்” என்றாள் ஃபென்யா.

ஒருவரும் சிரிக்கவில்லை. கெர்னோட் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கல்லைத் தாமதப்படுத்துவதில் அந்த மாகாணத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சும்மா இருந்தால் போதும். சனிக்கிழமைதோறும் படிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். மகள் பள்ளிப் படிப்பை இங்கேயே முடித்துவிடுவாள். அவளே அந்தச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் என்ன செய்வார் என்று பார்ப்பதற்காகக்கூட இருக்கலாம். புல்லை வளர்த்துப் பார்த்தவள்தானே.

மறுநாள் காலை, வேலைக்குச் சேர்ந்த நாளாக முதல் தடவையாக, பள்ளிக்கு நேரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு லூயர்ஸின் பட்டறைக்குப் போனார். லூயர்ஸ் தூசிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, போன வருடம் வீபுஷ் பேசிவைத்த கல்லை நினைவுபடுத்தினார். கறுப்பு, மெருகு போட்டது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இன்றைக்குச் சொன்னால் அடுத்த கோடையில் வந்துவிடும்.

அடுத்த கோடை. நியாயமான தாமதம். ஒருவரும் குறை சொல்ல முடியாது.

“வேற என்ன இருக்கு?” என்று கேட்டார் கெர்னோட்.

முற்றத்தில் ஒரு மணற்கல் நின்றது. உள்ளூர்க் கல், சாம்பல் நிறம். பாசி படிந்த ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டால் போதும் என்றார் லூயர்ஸ். தரை உறைவதற்கு முன்னால் நட்டுவிடலாம், மூன்று வாரம். “ஆனா, வாசகம் இன்னிக்கே வேணும் டாக்டர். என்ன எழுதணும்?”

கெர்னோட் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். குளத்தின் விளிம்பு மாதிரி சொரசொரப்பாக இருந்தது.

“பேரு. பொறந்த வருஷம், எறந்த வருஷம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

லூயர்ஸ் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து, அளவு பார்ப்பதற்காகக் கல்லின் மேல் ‘ஹைக்கே’ என்று எழுதிக் காட்டினார். தவறு கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இல்லை. கெர்னோட் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். லூயர்ஸ் உள்ளே போய் வேறு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே கல் நட்டாகிவிட்டது. மெர்லே அதைச் சுற்றி வந்து பார்த்தாள். “அம்மா மாதிரி இருக்கு” என்றாள். தன் முடிவை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. ஜனவரி கடைசியில் பெட்டியைக் கட்டினாள். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கியவள், கார் கதவைப் பிடித்துக்கொண்டு, “நீ வரலியா? காருக்குக் காவலா?” என்று கேட்டாள். அவர் இறங்கிப் போனார்.

புறப்படுவதற்கு முன் அவள் டெக்லாவின் முக்காலியைத் தூக்கிச் சமையலறையில் கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். “இனிமே என் நாற்காலியில உக்காந்துக்க. நான் உயிரோடதான் இருக்கேன்.”

அன்று மாலை மேஜையில் மூன்று பேர் இருந்தார்கள். டெக்லா மெர்லேயின் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கெர்னோட் நாற்காலிகளைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார். மேஜையில் அந்தச் சூடான ரொட்டி இருந்தது. அதைக் கத்தியும் முள்ளும் கொண்டு தின்ன முயன்றதற்காக ஃபென்யா அவரை ஜார்ஜிய மொழியில் ஏதோ சொன்னாள். டெக்லா அவள் வாயைப் பொத்தினாள்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. மறுநாள் மாலை கீலிலிருந்து போன் வந்தது. பள்ளி பரவாயில்லை, பெரியம்மா உப்புக் குறைவாகப் போடுகிறாள், கடல் உறையவில்லை என்று சொல்லிவிட்டு, மெர்லே சற்று நிறுத்தினாள்.

“அப்பா, கல்லு மேல பனி நின்னிருக்கும். யாராவது போய்த் தட்டிவிட்டீங்களா?”

“காலையில போனேன்” என்றார் கெர்னோட்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சேர்க்கவில்லை. போனை வைக்காமல் மெர்லேயும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இருந்தாள்.